தின் கிளையன்ட் போட்டால் ஆபீஸ் செலவு பாதியாகுமா?

கேள்வி, 8 நவம்பர் 2025

அண்ணே, மும்பை செம்பூரில் ஆடிட்டர் ஆபீஸ், எட்டு சீட். எல்லாம் ஆறாம் தலைமுறை ஐ3 மெஷின்கள். அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, இவற்றில் 11 முறைப்படி ஏறாது. லாமிங்டன் ரோடு கடைக்காரர் ஒருவர், பழைய தின் கிளையன்ட் எட்டு எடுத்துக்கோ, ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கி எல்லாரையும் அதில் ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார வைத்துவிடலாம், பாதிக் காசு மிச்சம் என்கிறார். டேலி கணக்கு சாஃப்ட்வேர், எக்ஸெல், ஜிஎஸ்டி, வருமானவரித் தளம், இவ்வளவுதான் எங்கள் வேலை. செய்யலாமா?

8 நவம்பர், ராத்திரி

செய்யலாம். பாதிக் காசு மிச்சம் என்பதை மட்டும் நம்பாதே தம்பி. தின் கிளையன்ட் என்பது மேஜையில் இருக்கும் டப்பா. சர்வரில், அதாவது அந்த ஒரே நல்ல கம்ப்யூட்டரில், நடப்பதைத் திரையில் காட்டும், நீ அடிக்கும் கீயையும் மவுஸ் அசைவையும் அங்கே அனுப்பும், அவ்வளவுதான் அதற்கு வேலை. இந்த இணைப்புக்குப் பெயர்தான் ரிமோட் டெஸ்க்டாப். அதனால்தான் மலிவாகக் கிடைக்கிறது. செலவு அங்கிருந்து சர்வருக்கும் லைசென்ஸுக்கும் இடம் மாறுகிறதே தவிர பெரிதாகக் குறைவதில்லை. குறைவது வேறு: எட்டு மெஷினுக்கும் ஓடி ஓடி அப்டேட் போடுவது, ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் காலாவதியாவது, ‘டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன், காணோம்’ என்று யாராவது வந்து நிற்பது. இந்தத் தொல்லை குறைவதற்காக என்றால் இறங்கு. காசுக்காக என்றால் வேண்டாம்.

எந்த டப்பா என்பதைக் கடைசியில் யோசிக்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் என்னென்ன வயர் செருகியிருக்கிறது என்று எழுது. பிரின்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஹெட்போன், பென் டிரைவ். திரை வருவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, அது முதல் நாளே வந்துவிடும். நான் பார்த்த ஆபீஸ்களில் இந்த ஏற்பாடு படுத்துக்கொண்டது படம் மெதுவாக வந்ததால் அல்ல, பில் பிரின்ட் ஆகாததால்.

9 நவம்பர்

லைசென்ஸ். கடைக்காரர் சொல்லாத பாகம் இதுதான்.

அந்த ‘ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டரில்’ விண்டோஸ் 11 ப்ரோ இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். இரண்டாமவர் உள்ளே வந்தால் முதலாமவர் வெளியே. ஹோம் பதிப்பு என்றால் அதுவும் இல்லை, ரிமோட் டெஸ்க்டாப்பில் யாரும் உள்ளே நுழையவே முடியாது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய விண்டோஸ் சர்வர் வேண்டும், அதற்கு மேல் ஆளுக்கொரு சர்வர் கால் (CAL), அதற்கும் மேல் ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் கால். கால் என்பது அணுகல் உரிமம், தனித்தனியாக வாங்க வேண்டும். நிறையப் பேர் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் உரிமத்துக்கு 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் எல்லாம் அருமையாக ஓடும், செட்டப் போட்டவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாள் முடிந்த மறுநாள் காலை யாராலும் உள்ளே போக முடியாது. ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது’ என்று எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இந்த வகை.

ப்ரோ பதிப்பிலேயே ஒரு ஃபைலை மாற்றிப் பலரை உட்கார வைக்கும் வித்தை ஒன்று உண்டு, கடைக்காரர் அதைத்தான் மனதில் வைத்திருப்பார். அது உரிம ஒப்பந்தத்துக்கு விரோதம், அது போக ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் உடையும். ஊரார் கணக்கைத் தணிக்கை செய்கிற ஆபீஸில் சொந்த சாஃப்ட்வேர் கணக்கு இப்படி இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

டேலியில் நீங்கள் சில்வரா கோல்டா? சில்வர் ஒருவருக்கு. பலர் ஒரே நேரத்தில் திறக்க கோல்டு வேண்டும். ஏற்கனவே நெட்வொர்க்கில் பலர் போடுகிறீர்கள் என்றால் கோல்டாகத்தான் இருக்கும், போய்ப் பார்த்துச் சொல்.

11 நவம்பர்

சர்வருக்கு எவ்வளவு ரேம் என்று கேட்டிருக்கிறாய். டேலிக்கும் எக்ஸெலுக்கும் அதிகம் தேவையில்லை. ஆளை விழுங்குவது குரோம். ஜிஎஸ்டி தளம் ஒரு டேப், வருமானவரி ஒரு டேப், வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், பின்னணியில் யூடியூபில் பாட்டு. இதைப் பெருக்கு எட்டால். ஆளுக்கு நான்கு ஜிபி என்று கணக்கு வைத்தால் எட்டுப் பேருக்கு 32, சர்வருக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும், 64 போட்டுவிடு. எட்டுக் கோர் புராசசர், எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதும்படி மிரர். பேக்கப் தனி. மிரர் என்பது பேக்கப் அல்ல, தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழிந்து போகும்.

யூடியூபை சர்வரில் அனுமதிக்காதே. வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமையும் சர்வர் பிரித்து, திரும்பச் சுருக்கி, டப்பாவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நான்காவது ஆளின் டேலியில் கர்சர் திக்கும். பாட்டு கேட்க அவரவர் போன் இருக்கிறது.

15 நவம்பர்

சரி, டப்பாவைக் கடைசியில் யோசிக்கலாம் என்று நான் சொல்லியும் இரண்டு டப்பா வாங்கியாயிற்று. வைஸ் 3040 என்கிறாய். மோசமில்லை. இன்டெல் ஆட்டம் புராசசர், 2 ஜிபி ரேம், விசிறி கிடையாது, உள்ளங்கையில் அடங்கும். கவனிக்க வேண்டியவை:

ஒன்று, அடாப்டர். இந்த மாடலில் 5 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு, 12 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. கடையில் ஒரு சாக்கு நிறைய அடாப்டர் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். டப்பாவைத் திருப்பி அடியில் இருக்கும் லேபிளைப் படிக்காமல் எதையும் செருகாதே.

இரண்டு, திரை. இதில் டிஸ்ப்ளே போர்ட் இரண்டு இருக்கிறது, எச்டிஎம்ஐ கிடையாது, விஜிஏ கிடையாது. உங்கள் பழைய மானிட்டர்களுக்கு கன்வெர்ட்டர் வேண்டும். எட்டு கன்வெர்ட்டர் விலையைச் சேர்த்துப் பார், டப்பா அவ்வளவு மலிவாகத் தெரியாது.

மூன்று, பயாஸ் (டப்பா எழும்போது வரும் அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு கேட்டால் பயந்துவிடாதே. வைஸில் கம்பெனி போட்டு அனுப்புவது ‘ஃபயர்போர்ட்’, ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் பெரியது. முந்தைய முதலாளி மாற்றியிருந்தால்தான் தலைவலி.

நான்காவது எந்தக் கம்பெனி டப்பாவுக்கும் பொதுவானது. போன வருடம் சயானில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பழைய டப்பா ஒன்று, வேறு கம்பெனி, எல்லாம் சரியாக இருந்தும் சர்வரோடு பேச மறுத்தது. சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) பிழை என்று ஒரே வரி. பக்கத்து மேஜை டப்பா அதே வயரில் ஓடுகிறது. கேபிளை மாற்றி, சர்டிஃபிகேட்டைத் திரும்பப் போட்டு, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திரையின் மூலையைப் பார்த்தால் தேதி 2015. உள்ளே பட்டன் பேட்டரி செத்துவிட்டது, கரன்ட் எடுத்தால் கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிப் போகிறது. இனிமேல்தான் பிறக்கப்போகிற சர்டிஃபிகேட்டை எப்படி நம்பும்? மேல்மூடியைக் கழற்றி ஒரு சிஆர்2032 போட்டதும் சரியாகிவிட்டது. பழைய டப்பா வாங்கினால் முதல் வேலையாகப் பேட்டரியை மாற்றிவிடு, பாக்கி ஆறையும் வாங்கும்போது கடையிலேயே மூடியைத் திறந்து பார்.

15 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

பாக்கி ஆறை வாங்காதே. இப்போதுதான் உறைத்தது. அந்த எட்டு ஐ3 மெஷினைத் தூக்கிப் போடுவானேன்? லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் நிரலை ஏற்றினால் அதுவே தின் கிளையன்ட். விஜிஏ இருக்கிறது, கன்வெர்ட்டர் வேண்டாம், அடாப்டர் சண்டை இல்லை. கீபோர்டும் மவுஸும் பழகியவை. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும் மெஷின்களில் டிஸ்கையே கழற்றிவிட்டு நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யலாம், எல்டிஎஸ்பி என்று ஒரு திட்டம் 1999 முதல் இருக்கிறது, பல பள்ளிக்கூடங்களில் போட்டிருக்கிறார்கள். உங்கள் எட்டு சீட்டுக்கு அந்த அளவு மெனக்கெடல் தேவையில்லை, சின்ன எஸ்எஸ்டி ஒன்று போதும்.

நஷ்டம் கரன்ட்டில். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே முப்பது வாட்டுக்கு மேல் இழுக்கும், இந்த டப்பா ஐந்துக்குள். வித்தியாசம் சுமார் 30 என்று வை: எட்டு மெஷின், தினம் ஒன்பது மணி நேரம், மாதம் 25 நாள். 54 யூனிட் வருகிறது. அதை உங்கள் கமர்ஷியல் ரேட்டால் பெருக்கிப் பார்த்து நீயே முடிவு செய். டப்பா விலை அதில் வசூலாக எத்தனை மாதம் ஆகும் என்று தெரிந்துவிடும்.

16 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, அதனால் ஒரு பழங்கதை. இதெல்லாம் ஏதோ புது டெக்னாலஜி மாதிரி கடைக்காரர் விற்கிறாரே, ரயில்வே முன்பதிவு கவுன்ட்டர் ஞாபகமிருக்கிறதா? கறுப்புத் திரை, அதில் எழுத்து மட்டும், பக்கத்தில் கர் கர் என்று டிக்கெட் பிரின்டர். அந்த டெர்மினலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, எல்லாம் உள்ளே இருந்த பெரிய மெஷினில். முதலில் மும்பைக்குத் தனி, சென்னைக்குத் தனி. 1999-ல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஐந்தையும் ஒன்றாகக் கோர்த்தார்கள். அதற்குப் பிறகு இங்கே நின்றபடியே திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது. அப்பா ஊருக்குப் போகும்போது திரும்பி வர டிக்கெட் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அம்மா புலம்புவது அதோடு நின்றது.

அதே வருடம்தான் சன் கம்பெனி சன் ரே என்று ஒரு டப்பா கொண்டுவந்தது. ஊழியர் அட்டையை ஒரு மேஜையில் உருவி இன்னொரு மேஜையில் செருகினால் பாதி டைப் அடித்த கடிதம் அப்படியே அங்கே வந்து நிற்கும். இன்றைக்கும் அதைவிட அழகாக யாரும் செய்துவிடவில்லை. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியது, சில வருடத்தில் சன் ரேக்கு மூடுவிழா.

22 நவம்பர்

பிரின்டர். தாளில் நீ எழுதி அனுப்பியதில் இரண்டு லேசர், ஒரு டாட் மேட்ரிக்ஸ். மூன்றையும் கிளையன்டில் செருகாதே என்பதுதான் சுருக்கமான பதில்.

ஏன் என்று சொல்கிறேன். ரிமோட் டெஸ்க்டாப்பில், உன் மேஜையில் இருக்கும் பிரின்டரை சர்வருக்குக் காட்டும் வசதி இருக்கிறது. விண்டோஸ் கிளையன்ட் என்றால் ஈஸி பிரின்ட், 2008 சர்வரிலிருந்தே உண்டு, டிரைவர் தொல்லை இல்லாமல் லேசருக்கு ஓரளவு ஓடும். லினக்ஸ் டப்பாவில் அது வேறு கதை, சர்வரிலும் டப்பாவிலும் இரண்டு டிரைவர்கள் ஒத்துப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை லாகின் செய்யும்போதும் பிரின்டர் புதுப் பெயரோடு வரும், பெயருக்குப் பின்னால் செஷன் (சர்வரில் ஒருவர் நுழைந்து வேலை செய்யும் ஒரு தடவை) நம்பர் ஒட்டிக்கொள்ளும். நேற்று டேலியில் தேர்ந்தெடுத்து வைத்த பிரின்டர் இன்று இல்லை என்பார்கள். இருக்கிறது, நம்பர் மாறியிருக்கிறது.

டாட் மேட்ரிக்ஸ் இன்னும் மோசம். அதற்கு எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் சர்ரென்று அடிக்கும். இடையில் ஒருவர் புகுந்து பக்கத்தைப் படமாக்கி அனுப்பினால் தலை ஒவ்வொரு வரியிலும் பலமுறை போய் வந்து, ஒரு வவுச்சருக்கு டீ குடித்துவிட்டு வரலாம். எழுத்தும் சாம்பல் பூசியது போல் இருக்கும்.

ஒரே ஆபீஸ், ஒரே நெட்வொர்க், சர்வரும் அங்கேயே. அப்புறம் எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? லேசர் இரண்டுக்கும் நெட்வொர்க் சாக்கெட் இருந்தால் ஸ்விட்சில் செருகி நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடு. டாட் மேட்ரிக்ஸுக்கு ஒரு சின்ன பிரின்ட் சர்வர் டப்பா. மூன்றையும் சர்வரில் ஒரே தடவை நிறுவு. அதன் பிறகு யார் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அதே பெயர், அதே பிரின்டர். டேலியில் டாட் மேட்ரிக்ஸ் அச்சு முறையைத் தேர்ந்தெடுக்க மறக்காதே.

ஸ்கேனரும் இப்படித்தான். கிளையன்டில் செருகி சர்வரிலிருந்து ஸ்கேன் செய்யப் பார்க்காதே. ஸ்கேன் செய்ததை நேராக சர்வர் ஃபோல்டரில் போடும் மெஷின் வாங்கு, அல்லது ஸ்கேனருக்கென்று ஒரு பழைய பிசியை விட்டு வை.

23 நவம்பர்

டோக்கன். ஆடிட்டர் ஆபீஸுக்கு இதுதான் உயிர்நிலை, இதைப் பற்றி லாமிங்டன் ரோடில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உங்கள் ஆபீஸிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே வாடிக்கையாளர் கம்பெனி டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டில் பெயர் எழுதிய துண்டுத் தாள், சிலதில் பாஸ்வேர்டும் சேர்த்து. (அது எவ்வளவு தப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.) அந்த டின்னை எடுத்துக்கொண்டு போய், எல்லா வேலையும் இப்போது சர்வரில்தானே என்று சர்வரின் யுஎஸ்பியில் டோக்கனைச் செருகுவார்கள். மேஜைக்கு வந்து பார்த்தால் டோக்கன் தெரியாது. சர்வருக்கு முன்னால் நேராக உட்கார்ந்தால் தெரியும், ரிமோட்டில் வந்தால் தெரியாது. பேய் வேலை இல்லை. ரிமோட் செஷனுக்குள் இருக்கும்போது விண்டோஸ் ஸ்மார்ட் கார்டை (டோக்கனும் அந்த வகைதான்), நீ எங்கிருந்து வந்தாயோ அந்த டப்பாவில்தான் தேடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், இன்னொருத்தர் செருகிய கார்டில் நீ கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே.

ஆகவே டோக்கனை மேஜை டப்பாவில் செருக வேண்டும், ஸ்மார்ட் கார்டு பகிர்வை இணைப்பில் டிக் செய்ய வேண்டும், டோக்கனின் டிரைவர் சர்வரில் இருக்க வேண்டும். விண்டோஸ் கிளையன்டில் பெரும்பாலும் ஓடுகிறது. லினக்ஸில் கார்டைப் படிக்கும் சேவையைத் தனியாக ஏற்ற வேண்டும், அதிலும் சில டோக்கன் ஓடும், சிலது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதையும் தாண்டி வந்தால் இன்னொன்று. தளங்களுக்குக் கையெழுத்துப் போடும் சின்ன புரோகிராம் அந்த மெஷினில் ஒரு போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அவரவர் பிசியில் சிக்கலில்லை. ஒரே சர்வரில் இரண்டு பேர் திறந்தால் முதல் ஆள் பிடித்த போர்ட் இரண்டாம் ஆளுக்குக் கிடையாது. 20-ஆம் தேதி சாயங்காலம், ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னின் கடைசி நாளில், இதை யார் உட்கார்ந்து ஆராய்வது?

என் யோசனை: கையெழுத்துக்கு மட்டும் விண்டோஸ் 11 போட்ட ஒரு சாதாரண பிசியைத் தனியாக வை. சர்வரில் ரிட்டர்ன் தயார் செய், ஃபைலை அந்தப் பிசிக்கு எடு, டோக்கனைச் செருகு, கையெழுத்துப் போடு, எழுந்து போ. எட்டில் ஒன்றைப் பழைய வழியிலேயே விட்டால் தோல்வி ஒன்றுமில்லை.

29 நவம்பர்

தமிழ் சங்கத்துக்கு மலர் டைப் அடிக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார் என்றதும் சிரித்துவிட்டேன், மும்பையில் எந்த ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தமிழ் எப்படி வரும்?

டப்பாவில் தமிழ் விசைப்பலகை நிரல் எதையும் ஓட்டாதே. அங்கே ஒன்று, சர்வரில் ஒன்று என்று இரண்டும் ஓடினால் ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாற்றுவார், ‘கணக்கு’ அடித்தால் கேள்விக்குறி வரிசை வரும், இல்லாவிட்டால் கொம்பு இரண்டு தடவை விழும். டப்பா சாதாரண ஆங்கில விசைப்பலகையில் இருக்கட்டும். கீ அழுத்தியது மட்டும் சர்வருக்குப் போகட்டும், அது எந்த எழுத்து என்பதை சர்வர் முடிவு செய்யட்டும். விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது, அவர் செஷனில் அதைச் சேர்த்துவிட்டால் போதும். பெரியவர் பழைய டைப்ரைட்டர் முறை என்றால் அதற்கான நிரலை சர்வரில் அவர் கணக்கில் மட்டும் ஏற்று.

3 டிசம்பர்

வீட்டிலிருந்து வேலை செய்ய ரவுட்டரில் 3389-ஐ, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டை, திறந்துவிடலாமா என்று கேட்டாயே. கூடாது. கூடவே கூடாது. அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்துக்குள் உலகத்தின் எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், சர்வர் லாகில் நீயே பார்க்கலாம். 2019 மே மாதம் புளூகீப் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது, பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக முடிந்தது. சப்போர்ட் முடிந்து போயிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து பேட்ச் கொடுத்தது, அவ்வளவு தீவிரம். வாடிக்கையாளர்களின் பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கிற சர்வர் இது.

ஒயர்கார்டு விபிஎன் (வெளியாருக்கு மூடிய தனி வழி) போடு, அதன் வழியாக மட்டும் உள்ளே வரட்டும். உங்கள் பிராட்பேண்டில் பொது ஐபி கிடையாது, பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பகிர்கிறார்கள் என்றால் வெளியிலிருந்து நேராக வர முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்கு, அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போடு, அது தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

7 டிசம்பர்

சர்வரை ஆபீஸில் வைக்காமல் கிளவுடில் வாடகைக்கு எடுக்கலாமா என்பது பற்றி. அமேசானின் மும்பை மையம் 2016-லிருந்து இருக்கிறது, நாம் இருப்பதும் மும்பை. தூரம் சிக்கலே இல்லை, செம்பூரில் அடித்த எழுத்து போய் வருவதை விரல் உணராது. நூறு மில்லிசெகண்டைத் தாண்டும்போதுதான் கைக்கும் திரைக்கும் இடையில் இழுவை தெரிய ஆரம்பிக்கும், அமெரிக்காவில் இருக்கிற சர்வரில் எக்ஸெல் ஓட்டியவர்களைக் கேட்டுப் பார். சராசரி நன்றாக இருந்தும் நடுநடுவே எகிறினால் அது இன்னும் எரிச்சல், எழுத்துகள் நின்று நின்று கும்பலாக வந்து விழும்.

உங்களுக்கு நான் கிளவுட் சொல்லாததற்குக் காரணம் வேறு. எட்டுப் பேரும் ஒரே அறையில். பிராட்பேண்ட் போனால் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், மழைக்காலத்தில் எங்கோ ஒரு பள்ளம் தோண்டி வயரை வெட்டிவிடுவார்கள். சர்வர் அறைக்குள்ளேயே இருந்தால் நெட் போனாலும் டேலி ஓடும். வாடகையும் மாதாமாதம். பல ஊர்களில் கிளை இருக்கிற ஆபீஸ் என்றால் கதையே வேறு, அப்போது நானே கிளவுட் என்பேன்.

14 டிசம்பர்

சர்வரை உள்ளேயே வைத்தாலும் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அவரவர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் மாதுங்கா மெஸ்ஸில் சாப்பிடுகிற ஏற்பாடு இது. மெஸ் மூடினால் எட்டுப் பேரும் பட்டினி. அதனால் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நல்ல யுபிஎஸ். மும்பையில் கரன்ட் போகாது என்பவர்களுக்கு 2020 அக்டோபர் 12 மறந்துவிட்டது, நகரமே இருண்டு லோக்கல் ரயில் நடுவழியில் நின்றது.

மேஜை டப்பாக்களுக்கு யுபிஎஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம். அந்த சயான் ஆபீஸில் பெருக்கும் அம்மா வேக்குவம் கிளீனர் செருக இடம் தேடி, கணக்குப் பையனின் டப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பையன் பதறி ஓடி வந்தான், இருநூறு வரி ஸ்டாக் என்ட்ரி பாதியில். திரும்பச் செருகி, டப்பா எழுந்து, பாஸ்வேர்டு போட்டான். கர்சர் விட்ட இடத்தில், அதே வவுச்சரில், அதே கட்டத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. டப்பாதான் செத்தது, வேலை சர்வரில் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து அந்த ஆபீஸில் யாரும் பழைய பிசியைக் கேட்கவில்லை.

அதே காரணத்தால் ஒரு தொல்லையும் உண்டு. சாயங்காலம் எல்லாரும் டப்பாவின் பட்டனை அமுக்கிவிட்டுப் போவார்கள், லாக் ஆஃப் செய்ய மாட்டார்கள். செஷன்கள் அப்படியே கிடக்கும், குரோம் டேப்கள் உட்பட, ரேம் வாரம் முழுக்க ஏறிக்கொண்டே போகும். துண்டிக்கப்பட்ட செஷனை இத்தனை மணி நேரத்தில் மூடு என்று சர்வரின் குரூப் பாலிசி செட்டிங்கில் ஒரு வரம்பு வை. நான் பொதுவாக எட்டு மணி நேரம் வைப்பேன், ராத்திரி மூடிவிடும். மூடும் என்பதை எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் சேவ் செய்யாத எக்ஸெலுக்கு உன்னைத் திட்டுவார்கள்.

16 டிசம்பர்

அவசரம், ஒரு வரி. டிசம்பர் 31 தாண்டும் வரை எதிலும் கை வைக்காதே. வருடாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், தாமதமான வருமானவரி ரிட்டர்ன், எல்லாவற்றுக்கும் அன்றுதான் கடைசி. அதற்குள் மாற்றி ஏதாவது கோளாறு வந்தால் தின் கிளையன்ட் என்ற பேச்சே அந்த ஆபீஸில் இனி எழாது.

11 ஜனவரி 2026

ஐந்து சீட் ஓடுகிறது, நான்கில் பழைய ஐ3, ஒன்றில் வைஸ் என்கிறாய். நல்லது. பாக்கியை இரண்டு வாரம் விட்டு மாற்று, அவசரமில்லை.

கர்சர் சில சமயம் திக்குகிறது என்றாயே, எல்லா சீட்டிலுமா, ஒரே வரிசையிலா? ஒரே வரிசை என்றால் ஸ்விட்சையும் கேபிளையும் பார். நூறு எம்பி ஸ்விட்சே ஒரு திரைக்குத் தாராளம், ஆனால் உங்கள் வரிசையில் பத்து வருடத்துக்கு முன் யாரோ கையால் கிரிம்ப் செய்த கேபிள் இருக்கும், அலமாரிக்கு அடியில் நசுங்கி. எல்லா சீட்டிலும் என்றால் சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து யார் யூடியூப் பார்க்கிறார்கள் என்று பார்.

பெரிய சார் தன் லேப்டாப்பை விட மாட்டேன் என்கிறாரா? விட்டுவிடு, சண்டை போடாதே. அதில் விண்டோஸ் 11 இருக்கிறது என்றாய், கையெழுத்துப் பிசியாக அதையே வைத்துக்கொள்ளலாம், டின்னும் அவர் மேஜை இழுப்பறையிலேயே பூட்டில் இருக்கட்டும். துண்டுத் தாளில் பாஸ்வேர்டு எழுதியதை மட்டும் கிழித்துப் போடச் சொல்.